திருட்டு நேரம் (மெய்நிகர் வழங்கி)

திருட்டு நேரம் என்பது மெய்நிகர் வழங்கி ஒன்று வேலைக்கு ஆயத்தமாக இருந்தும், செயலி கிடைக்காமல் காத்திருக்கும் நேரத்தின் விழுக்காடு ஆகும். ஒரே இயந்திரத்தைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடுவதால் இது நேர்கிறது. லினக்சில் 'டாப்' கட்டளை காட்டும் 'எஸ்டி' என்ற எண் இதுவே.

விளம்பரத்தில் வரும் 'ஒரு செயலி' எப்போதும் முழுச் செயலி ஆகாது. 2014 இல் அமேசான் அறிமுகப்படுத்திய டி2.மைக்ரோ வகையின் அடிப்படை அளவு 10 விழுக்காடே. அதற்கு மணிக்கு 6 வரவுப் புள்ளிகள் சேரும். ஒரு புள்ளி ஒரு நிமிட முழுவேகத்துக்குச் சமம். சேமிப்பு தீர்ந்தால் வேகம் அடிப்படை அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே வாங்கியவுடன் ஐந்து நிமிடம் சோதிப்பது, சம்பள நாளில் ஒரு வீட்டின் வசதியை எடைபோடுவது போன்றது. வெவ்வேறு வேளைகளில் பல மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். புள்ளி தீர்ந்தாலும் 'எஸ்டி' உயரும் என்பதால், எல்லாப் பழியையும் அண்டை வாடிக்கையாளர் மேல் போட இயலாது.