துருவும் சாவியும்

குளிர்காலம் கழிந்து பனி கரையத் தொடங்கும் மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் வட மாநிலங்களான ஒஹையோவிலும் மிச்சிகனிலும் கார் வைத்திருப்பவர்கள் தத்தம் வண்டியைக் கழுவித் துடைத்து, நான்கு மாதமாகச் சேற்றுக்கும் உப்புக்கும் அடியில் மறைந்து கிடந்த வர்ணத்தை மறுபடியும் வெயிலில் பார்ப்பது வழக்கம். 1970களின் முற்பகுதியில் அவ்வாறு தம்முடைய ஷெவ்ரலே வேகா வண்டியைக் கழுவியவர்களில் பலர், முன்சக்கரத்துக்கு மேலேயுள்ள மட்கார்டில், வர்ணத்தைக் கொப்புளம் போல உப்பச் செய்துகொண்டிருந்த ஒரு பழுப்புப் புள்ளியைக் கண்டார்கள். விரலால் அழுத்தினால் தகடு பொலபொலவென்று உதிர்ந்தது. வாங்கி இரண்டு மூன்று குளிர்காலமே ஆகியிருந்த வண்டி அது.

அந்த வண்டியைச் செய்தது சிறியதொரு பட்டறை அன்று. உலகிலேயே மிகப் பெரிய மோட்டார் ஸ்தாபனமாக அந்நாளில் விளங்கிய ஜெனரல் மோட்டார்ஸ். அறிவும் பொருளும் அனுபவமும் நிரம்பிய ஓரிடத்திலிருந்து அத்தகைய வண்டி எவ்வாறு வெளிவந்தது என்று ஆராய்கிறவர்களுக்கு, யந்திரங்களின் நம்பகத்தைப் பற்றி எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாத அளவுக்குத் தெளிவாக ஓர் உண்மை புலப்படும்.

மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் குதிரை வண்டிகள் செய்து செல்வம் ஈட்டிய வில்லியம் டுரன்ட் என்பவர், பியூக் என்னும் மோட்டார் கம்பெனியை அடித்தளமாகக் கொண்டு 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு அவர் விலைக்கு வாங்கிய காடிலாக் கம்பெனியை நடத்தி வந்தவர் ஹென்றி லேலண்ட். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அலட்சியம் செய்யாதவர். அவருடைய கம்பெனியின் மூன்று கார்களை 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதையில் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, பாகங்களை ஒன்றோடொன்று கலந்து குவித்து, அவற்றுள் சிலவற்றை நீக்கி விட்டுக் கிடங்கிலிருந்த புதிய பாகங்களையும் சேர்த்து, ஸ்பானரும் ஸ்குரூ டிரைவரும் மட்டுமே கொண்டு மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டினார்கள். அரம் தொட்டு எதையும் இழைக்கவில்லை. மூன்றும் 500 மைல் தூரம் பழுதின்றி ஓடின. ஒரே பெயரும் ஒரே அளவும் உடைய இரண்டு பாகங்கள் உண்மையிலேயே ஒன்றாக இருக்கும் என்னும் வாக்குறுதியை உலகம் கண்ணாரக் கண்ட நாள் அது. பிற்காலத்தில் அந்த வாக்குறுதி எங்கே முறிந்தது என்பதை இக்கட்டுரையின் இறுதியில் காண்போம்.

1923-இல் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமை ஏற்ற பிறகு ஸ்தாபனம் பெருகி வளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறையப் பாதி அதனுடையவையாக இருந்தன. ஆயினும் அதே பத்தாண்டில் ஜெர்மனியிலிருந்து ஃபோக்ஸ்வாகனும், ஜப்பானிலிருந்து டொயோட்டாவும் சிறிய, மலிவான, அடிக்கடி பழுதடையாத கார்களைக் கொண்டுவந்து இறக்கின. 1965-இல் ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர், ஷெவ்ரலே கார்வேரின் அபாயங்களைத் தம் நூலின் முதல் அத்தியாயத்தில் எடுத்துக் காட்டினார். அவரைத் துப்பறிவதற்கு ஆள் ஏவியதற்காக, ஸ்தாபனத்தின் தலைவர் ஜேம்ஸ் ரோச் 1966-இல் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே ரோச், 1968 அக்டோபரில், இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவிலேயே செய்த சிறிய காரொன்றை விற்பனைக்குக் கொணர்வோம் என்று பகிரங்கமாக அறிவித்தார். காலக்கெடு ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. வண்டியோ இன்னும் உருப்பெறவில்லை. சோதனைக்கு வந்த முதல் மாதிரி எட்டு மைல் ஓடியதும் அதன் முன்பாகம் கழன்றுவிட்டது என்று, அப்போது ஷெவ்ரலே பிரிவின் தலைவராயிருந்த ஜான் டெலோரியன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1970 செப்டம்பரில் வேகா வெளிவந்தது. நம் முன்னோர் அபிஜித் என்று அழைத்த நட்சத்திரத்துக்கு மேலை நாட்டார் இட்ட பெயர் அது. அதன் எஞ்சினை அருகில் சென்று பார்த்தால், அதைச் செய்தவர்களின் மேதையைப் போற்றாமல் இருக்க முடியாது. சாதாரணமாக அலுமினிய எஞ்சினில் சிலிண்டரின் உட்சுவர் தேயாமலிருக்க இரும்புக் குழாயொன்றைச் செருகுவார்கள். வேகாவின் பொறியியலாளர்களோ, நூற்றுக்குப் பதினேழு பங்கு சிலிக்கான் கலந்த அலுமினியத்தில், சிலிண்டர்கள் அடங்கிய பிளாக்கை வார்த்து, அந்த இரும்புக் குழாயை அறவே நீக்கிவிட்டார்கள். உருகிய உலோகம் ஆறும்போது, அலுமினியத்தில் கரையாமல் எஞ்சிய சிலிக்கான், கண்ணுக்குத் தெரியாத கடினமான படிகங்களாகத் திரள்கிறது. சிலிண்டரின் சுவரைக் கண்ணாடி போல் தேய்த்து, மின்சாரமும் ரசாயனமும் கொண்டு மேற்பரப்பிலுள்ள அலுமினியத்தை மட்டும் இம்மியளவு அரித்து எடுத்தால், படிகங்களின் முனைகள் மணற்பரப்பில் கூழாங்கற்கள் தலை நீட்டுவது போல் எழுந்து நிற்கும். பிஸ்டன் அந்த முனைகளின்மேல் வழுக்கிச் செல்ல, இடையிலுள்ள பள்ளங்களில் எண்ணெய் தங்கி நிற்கும். பிளாக்கின் எடை சுமார் 16 கிலோதான். ரயிலில் அனுப்பும்போது செலவு குறைய வேண்டுமென்று, ஒரே வாகனத்தில் 30 வேகா கார்களை மூக்குக் கீழாக, வௌவால் தொங்குவது போல் செங்குத்தாக நிறுத்தி அனுப்பினார்கள். அந்நிலையில் எண்ணெயும் பாட்டரியின் அமிலமும் சிந்தாதபடி ஒவ்வொரு பாகத்தையும் யோசித்து அமைத்திருந்தார்கள். கார்ப் பத்திரிகையொன்று அதை 1971-ஆம் ஆண்டின் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்தது.

அத்தகைய பிளாக்கின்மேல் சிலிண்டர்களை மூடும் மூடியாக அவர்கள் பொருத்தியது கனமான வார்ப்பிரும்பு ஹெட். உஷ்ணம் ஏறும்போது அந்த அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாக விரிகிறது. ஆகவே எஞ்சின் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும், இரண்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் உராய்ந்தது. சிலிண்டர்களின் மேல்விளிம்பைச் சுற்றிலும் தாங்கும் உலோகமின்றித் தண்ணீர் ஓடும் இடைவெளியே இருந்தபடியால், உஷ்ணம் மிகுந்தபோது அவற்றின் வட்டம் கெட்டது. ரேடியேட்டரோ மிகச் சிறியது. தண்ணீர் சற்றுக் குறைந்தாலும் எஞ்சின் கொதித்தது. வால்வுத் தண்டின் ரப்பர் வளையங்கள் இறுகிப்போனதால் எண்ணெய் உள்ளே கசிந்து எரிந்தது. சொந்தக்காரர்கள் புகையைப் பற்றியும், எண்ணெய்ச் செலவைப் பற்றியும், நடுவழியில் கொதித்து நின்றதைப் பற்றியும் ஓயாமல் முறையிட்டார்கள்; பிற்பாடு அவர்களில் பலருக்கு, எந்த இரும்புக் குழாயை நீக்கியதே பெருமையாகக் கருதப்பட்டதோ அந்தக் குழாயைச் செருகிய எஞ்சின்களையே கம்பெனி மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் குற்றம் உலோகத்தினுடையது அன்று என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அதே வகைக் கலவையில், அதே முறையில் இரும்புக் குழாயின்றி வார்த்த பிளாக்கைக் கொண்டு, ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி 1977-இல் தன்னுடைய 928 என்னும் காரை வெளியிட்டது. அந்த எஞ்சின் நெடுநாள் உழைப்பதாகப் பெயரெடுத்தது. அங்கே ஹெட்டும் அலுமினியம். குளிரூட்டும் ஏற்பாடும் பிளாக்கின் தேவைக்கு ஏற்றபடி அமைந்திருந்தது.

மட்கார்டின் கதையும் இதைப் போன்றதே. துருவேறாதிருக்க, வண்டியின் உடல் முழுவதையும் மின்சாரம் பாயும் பெரிய வர்ணத் தொட்டியில் அமிழ்த்தி எடுத்தார்கள். கவிழ்த்த குடத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினால் உள்ளே காற்று சிறைப்பட்டு நிற்பது போல, மட்கார்டின் உச்சியிலிருந்த குழிவில் காற்று தங்கிவிட, வர்ணம் அவ்விடத்தைத் தொடவேயில்லை. சக்கரம் வாரி இறைக்கும் உப்புச் சேறு சரியாக அந்தக் குழிவிலேயே சென்று அப்பிக்கொண்டது. துரு ஏறுவது உண்மையில் மின்கலத்தைப் போன்ற ஒரு நிகழ்ச்சி: இரும்பு ஓரிடத்தில் எலெக்ட்ரான்களை இழந்து கரைய, அருகில் வேறோரிடத்தில் காற்றின் ஆக்ஸிஜன் அவற்றை ஏற்றுக்கொள்கிறது; உப்புத் தண்ணீர் இரண்டுக்கும் இடையே மின்சாரத்தைக் கடத்துகிறது. காற்றுப் புகாத சேற்றின் அடிப்பகுதிதான் கரையும் முனையாக அமைகிறது என்பதால், அரிப்பு எப்போதும் கண்ணுக்கு மறைவான பக்கத்திலேயே வளர்கிறது. வெளியே புள்ளி தோன்றும்போது உள்ளே தகடு போய்விட்டிருக்கும். பல ஆண்டுப் புகார்களுக்குப் பிறகே சக்கரக் குழிவுக்குப் பிளாஸ்டிக் உறையும், துத்தநாகம் பூசிய தகடும் வந்து சேர்ந்தன.

இவற்றுக்கெல்லாம் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. ஆயிரம் பாகங்கள் கொண்ட ஒரு யந்திரத்தில், எந்த ஒரு பாகம் பழுதானாலும் யந்திரமே நின்றுவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாகமும் ஆண்டு முழுவதும் பழுதின்றி உழைப்பதற்கு ஆயிரத்துக்கு 999 பங்கு வாய்ப்பு இருக்குமாயின், அந்தப் பாகத்தை எவரும் மிக நல்லதென்றே சொல்வார்கள். ஆனால் அந்த வாய்ப்பை ஆயிரம் முறை தன்னோடு தானே பெருக்கினால் கிடைக்கும் விடை நூற்றுக்குச் சுமார் 37 தான். அதாவது மூன்று யந்திரங்களில் ஏறக்குறைய இரண்டு, ஆண்டு முடிவதற்குள் ஒருமுறையாவது நின்றுபோகும். பாகங்கள் ஒன்றையொன்று சிதைக்காமல் தனித்தனியே இருந்தால் வரும் கணக்கு இது. ஹெட் பிளாக்கை இழுக்கும்போதும், ரேடியேட்டர் எஞ்சினைக் கைவிடும்போதும் நிலைமை இன்னும் மோசமாகிறது.

வேகாவைச் செய்த தொழிற்சாலை ஒஹையோவின் லார்ட்ஸ்டவுனில் இருந்தது. அங்கே மணிக்கு 100 கார்கள், அதாவது 36 விநாடிக்கு ஒரு கார், வெளியேற வேண்டுமென்று திட்டமிட்டிருந்தார்கள். ஆட்களைக் குறைத்து வேகத்தைக் குறையாமல் வைத்தபோது, முடியாத வேலையைத் தாண்டிக் கார்கள் நகர்ந்துவிடுகின்றன என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். 1972 மார்ச்சில் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. அதே ஆண்டில், பின் அச்சுத் தண்டு சற்றே குட்டையாக இருந்து சக்கரம் கழலக்கூடும் என்பதற்காக 5 லட்சத்துக்கும் அதிகமான வேகா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தொழிலாளியின் முறையீடும் சொந்தக்காரரின் முறையீடும் ஒரே உண்மையை இரண்டு முனைகளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தன. சுமார் 20 லட்சம் வண்டிகளுக்குப் பிறகு, 1977-இல் வேகா நின்றுபோனது. அடிக்கடி பழுதாகும் காரை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள். ஓயாமல் பழுதாகும் புதிய காருக்குப் பணத்தையோ வேறு காரையோ கொடுக்கும்படி வற்புறுத்தும் எலுமிச்சைச் சட்டம், 1982-இல் கனெக்டிகட் மாநிலத்தில் முதன்முதலாக நிறைவேறியது.

காலம் கடந்து, அதே லார்ட்ஸ்டவுனில் 2004 முதல் ஷெவ்ரலே கோபால்ட் என்னும் கார் உருவாயிற்று. அதன் இக்னிஷன் சுவிட்சுக்குள், சாவி தன் நிலையிலிருந்து நழுவாமல் பிடித்து நிறுத்துவதற்காகச் சிறியதொரு ஊசியும் அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. அந்தப் பிடி, கம்பெனியே வகுத்த அளவைவிடத் தளர்வாக இருந்தது. சாவிக்கொத்தின் பாரமோ, ஓட்டுபவரின் முழங்காலோ, சாலையின் ஒரு பள்ளமோ போதும்: சாவி பின்னுக்குத் திரும்பும், எஞ்சின் அணையும், ஸ்டியரிங் கனக்கும், மோதும் நொடியில் விரிந்து உயிரைக் காக்க வேண்டிய காற்றுப்பை மின்சாரமின்றிச் சுருண்டு கிடக்கும். ஓடும்போதே வண்டி அணைந்துவிடுகிறது என்ற புகார்கள் தொடக்கத்திலேயே வந்தன; அவற்றை உயிர் ஆபத்து என்ற தலைப்பில் வைக்காமல், வாடிக்கையாளரின் வசதிக் குறைவு என்ற தலைப்பில் வைத்தார்கள்.

பின்னர் அந்த ஊசியைச் சற்று நீட்டிச் சரிசெய்தபோது, பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. இதனால் தளர்ந்த சுவிட்சும் இறுகிய சுவிட்சும் ஒரே எண்ணைத் தாங்கி நின்றன. சில ஆண்டுக் கார்களில் மட்டும் விபத்து மிகுந்திருப்பது ஏன் என்று ஆராய்ந்தவர்களுக்கு வழி தெரியவில்லை. ஒரு வழக்குக்காகப் பொறியியலாளர் ஒருவர் பழைய சுவிட்சையும் புதிய சுவிட்சையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் வேறுபாடு வெளிப்பட்டது. புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் லேலண்டின் கார்கள் உலகத்துக்கு அளித்த வாக்குறுதி முறிந்த இடம் இதுவே. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் குறையால் 124 பேர் இறந்ததாக நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்டது.

பரிசோதனைச் சாலையில் நூறு கார்களை ஓட்டிப் பார்க்கலாம். பத்து லட்சம் கார்களைப் பத்து லட்சம் விதமான சாலைகளிலும் குளிரிலும் கைகளிலும் ஓட்டிப் பார்க்கும் பரிசோதனைச் சாலை எந்தக் கம்பெனியிடமும் கிடையாது. அந்த மாபெரும் பரீட்சையை நடத்துகிறவர்கள் சொந்தக்காரர்களே. அவர்களுடைய புகார்தான் அதன் முடிவுக் குறிப்பு. கையில் அளவுகருவி இல்லாத ஒருவர், ஓடும்போதே வண்டி அணைந்துவிடுகிறது என்று எழுதினாரே, அவர் அந்த ஸ்பிரிங்கின் பலத்தை அளந்தே எழுதினார். அந்த அளவு சரியாயிருந்தது. அதைப் படிக்க வேண்டியவர்கள் அதை அளவென்று எண்ணிப் படித்திருந்தால், எத்தனையோ பேர் அன்று மாலை வீடு திரும்பியிருப்பார்கள்.