பெட்டியடியும் கைபேசியும்

ஒரு காலத்தில் காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீட்டுப் பையன் தொழில் பழகப் போனால் அவனுக்கு முதலில் கிடைக்கும் இடம் பெட்டியடி. ரங்கூனோ, பினாங்கோ, கொழும்போ, எந்த ஊர்க் கடையானாலும் முறை ஒன்றுதான். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன வேலையைச் செய்வான். பெரியவர்கள் வட்டி போடுவதையும் கடிதம் எழுதுவதையும் பார்த்துக்கொண்டிருப்பான். பெட்டிச் சாவி மட்டும் அவன் கைக்கு வராது. பழகிய பிறகு அடுத்தாள் ஆவான். அதற்கும் பிறகுதான் மேலாள். மூன்றாண்டுத் தவணைக்கு ஒரு கடையையே அவனை நம்பி விடுவார்கள். தவணை முடிந்தால் ஐந்தொகை எடுத்துக் காட்டிக் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும்.

பெட்டியடிக்குப் போகும் முன்பே வாய்பாடு மனப்பாடமாகியிருக்கும். மாகாணி, காணி, முந்திரி என்று கீழ்வாய் இலக்கம் வரை ஒப்பிப்பார்கள். பிறர் பணத்தைத் தொடப்போகிறவனுக்கு, அந்தப் பணம் எப்படி வளரும், எங்கே கரையும் என்பது முதலில் தெரிய வேண்டும் என்று அந்தச் சமூகம் நினைத்தது. அந்த நாளை நான் கொண்டாடவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் தாயைப் பிரிந்து கடல் கடந்த பிள்ளைகள் பட்ட பாடு பெரிது. வீட்டுப் பெண்களுக்குப் பேரேடும் பெட்டியும் எட்டாமலே இருந்தன. ஆனால் அந்த முறையில் ஒன்று சரியாக இருந்தது. வல்லமையுள்ள ஒரு பொருளைப் பிள்ளையிடம் முழுசாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. பங்கு பங்காகக் கொடுத்தார்கள். கொடுத்ததற்குக் கணக்கும் கேட்டார்கள்.

அப்படி வெளிநாட்டில் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி, காரைக்குடியில் படிப்பாக மாறியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் இங்கே கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். தொழில்நுட்பம் காரைக்குடிக்குப் புதிய விருந்தாளி அல்ல. ஆய்வுக்கூடத்தில் உள்ள கருவியை மாணவன் ஆசிரியர் பார்வையில்தான் தொடுவான் என்பதும் இந்த ஊருக்குத் தெரிந்ததுதான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் காலத்திலும் அந்தப் படிமுறை இருந்தது. விரல் பழகிய பிறகு லோயர், அதன்பின் ஹையர். பிறகு பிரௌசிங் சென்டர்கள் வந்தன. அவற்றுக்காக 2011 ஏப்ரலில் மத்திய அரசு போட்ட விதிகளை இன்று எடுத்துப் படித்தால் மனம் கனக்கிறது. தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. பெற்றோரோ காப்பாளரோ கூட இல்லாமல் சிறுவர்களைத் தடுப்புக்குள் உட்கார வைக்கக் கூடாது. யார் வந்தார்கள் என்ற பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் ஒரு மணி நேரம் உட்காரும் பிள்ளைக்காக அரசு இவ்வளவு யோசித்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படிக்கும் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பெட்டியும் பேரேடும் எட்டாத வீடுகளிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் தங்கள் பெயரில் ஒரு கணினியை வாங்கிக்கொண்டு போனார்கள். அதை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைபேசிக்கு மாறியது. படிமுறை உடைந்தது அப்போதுதான். முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரண்டு இணையவழி வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என்று அந்த ஜூலையில் மத்திய கல்வித் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. வகுப்பு முடிந்த பிறகு கைபேசியை யார் திரும்ப வாங்குவது என்பது வீட்டுப் பாடாகிவிட்டது. பல வீடுகளில் யாரும் வாங்கவில்லை.

இன்று காரைக்குடியின் செக்காலை, கழனிவாசல் தெருக்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பள்ளிக்குள் மாணவர் கைபேசி கொண்டுவரக் கூடாது. ஆனால் வீட்டுப்பாடம் வாட்ஸப் குழுவில் வருகிறது. அந்தக் குழுவில் இருப்பது அம்மாவின் எண். சாயங்காலம் அம்மா அடுப்படியில் நிற்க, கைபேசி பிள்ளையிடம் இருக்கிறது. பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடைத் திறப்பதும் அதில்தான். அம்மாவின் ஜிபே இருப்பதும் அதில்தான். பள்ளிக்கூடப் பலகையும் பணப்பெட்டியும் ஒரே பொருளாகிப் பத்து வயதுப் பிள்ளையின் மடியில் கிடக்கின்றன, சாவியோடு.

சட்டம் பிள்ளைகளை மறந்துவிடவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுக்குள் நுழையக் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாருமே ஆடக் கூடாது என்று தமிழக அரசு கொண்டுவந்த விதிகளை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த ஆகஸ்டில் அத்தகைய விளையாட்டுகளையே தடுக்கும் மத்தியச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவரின் தகவல்களைத் தொடப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்ளவே முடியாது. எல்லாச் சட்டங்களும் வயதைக் கேட்கின்றன. நம் வீட்டுக் கைபேசியோ அம்மாவின் வயதைச் சொல்கிறது.

அதனால் தடை போடுவதோடு பள்ளி நின்றுவிட முடியாது. கைபேசியின் வாய்பாட்டை யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஏன் ஓடுகிறது, அதில் யாருக்கு வருமானம்? ஓடிபி கேட்டு வரும் அழைப்பில் பேசுகிறவர் என்ன தேடுகிறார்? வகுப்புத் தோழியின் படத்தை மாற்றிப் பரப்புவது விளையாட்டா, குற்றமா? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இவையெல்லாம் புரியும். பணம் பறிபோனால் திட்டுக்குப் பயந்து ஒளிக்காமல் உடனே வீட்டில் சொல்லவேண்டும் என்பது இவற்றில் மிக முக்கியம். இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. தவறு நடந்ததைச் சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை வாய் திறக்கும். மிரட்டலோ தொந்தரவோ வந்து வீட்டில் சொல்ல முடியாத நிலை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

இதற்குப் புதுப் பாடநூல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அழகப்பர் 1950களில் வளர்த்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இன்று அழகப்பா பல்கலைக்கழகத்தின் அங்கம். பி.எட். படிப்பவர்கள் வாரக்கணக்கில் பள்ளிகளில் பயிற்சி வகுப்பு எடுக்கிறார்கள். அந்த வாரங்களில் ஒரு சனிக்கிழமை மாலை அம்மாக்களைக் கைபேசியோடு பள்ளிக்கு வரச் சொல்லலாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஜிபேக்குத் தனிப் பூட்டு போடுவது, தேவையில்லாத செயலிகளிடமிருந்து மைக், கேமரா அனுமதியைத் திரும்ப வாங்குவது, ஒரு நாளில் எந்தச் செயலியில் எத்தனை நிமிடம் போனது என்று கைபேசியே காட்டும் பக்கத்தைத் திறப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்துபார்க்கலாம். அந்தப் பக்கத்தில் உள்ள நிமிடங்களைப் பிள்ளை ஒரு நோட்டில் எழுதி வாரம் ஒருமுறை கூட்டிப்போடட்டும். அம்மாவும் தன் நிமிடங்களை அதே நோட்டில் எழுதவேண்டும்.