சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்

ஊரை விட்டு வந்து வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலரும் சங்கத்தில் சந்திக்கும்போது சொல்லும் குறை ஒன்று உண்டு. "வேலையெல்லாம் தெரியும் சார், பேசத்தான் வரவில்லை." இந்தி சரளமாக வராது, ஆங்கிலத்தில் இலக்கணம் பிசகிவிடுமோ என்று பயம். அதனால் மேலதிகாரி எதைச் சொன்னாலும் "ஜீ, டீக் ஹை" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து பக்கத்து மேஜைக்காரரிடம் விசாரிக்கிறார்கள்.

ரயில்வேயில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அலுவலகத்துக்கு வேண்டியது தெளிவு. சரளம் மெதுவாக வரட்டும்.

ரயில்களைப் பல மொழிக்காரர்கள் சேர்ந்துதான் ஓட்டுகிறார்கள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்குத் தொலைபேசியில் 'லைன் கிளியர்' கொடுக்கும்போது "சரி, அனுப்புங்கள்" என்றால் போதாது. அதற்கான பட்டியலிலிருந்து ஒரு 'பிரைவேட் நம்பர்' சொல்ல வேண்டும். கேட்டவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். தண்டவாள வேலை நடக்கும் இடத்தில் எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை, என்ன வேகத்தில் போக வேண்டும் என்பதை 'காஷன் ஆர்டரில்' எழுதிக் கொடுத்து, லோகோ பைலட்டிடம் கையெழுத்து வாங்குவார்கள். ஓடும் இன்ஜினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருவர் கண்ணுக்கும் பச்சை தெரிந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

இதன் அவசியம் நம்மவர்களுக்கு இன்னும் அதிகம். இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் உண்டு, நாளையும் உண்டு. 'உன்சட்' 59, 'உன்ஹத்தர்' 69. அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோல் காதில் விழும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது 'பௌனே'. 'பௌனே தீன்' என்றால் மூன்றுக்குக் கால் மணி குறைவு, அதாவது 2.45. நாமோ 'மூன்றேமுக்கால்' என்று எடுத்துக்கொள்வோம்.

ஒருமுறை தண்டவாள வேலைக்காக ஒரு பாதையில் ரயில்களை நிறுத்தியிருந்தார்கள். "பௌனே தீன் வரை வேலை செய்யலாம்" என்றார் மேற்பார்வையாளர். புதிதாக வந்திருந்த நம் ஊர்ப் பையன் ஒருவன், உடைந்த இந்தியில், "பதினைந்து நாற்பத்தைந்து வரை, சரிதானே சார்?" என்று கேட்டான். "இல்லை, பதினான்கு நாற்பத்தைந்து!" என்று பதில் வந்தது. அவன் தலையாட்டிவிட்டுப் போயிருந்தால், ரயில் வரும் நேரத்தில் ஆட்கள் தண்டவாளத்தில் நின்றிருப்பார்கள். அவனுடைய இந்தியைக் கேட்டு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே இளைஞர்களே, "புரியவில்லை" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள். "நாளை, புதன்கிழமை, 14.45-க்குள் இந்த மூன்று பைல்களும் உங்கள் மேஜைக்கு வர வேண்டும், சரிதானே?" என்று கேளுங்கள். நாளுக்குக் கிழமையைச் சேருங்கள். நேரத்தை ரயில்வே போல 24 மணிக் கணக்கில் சொல்லுங்கள். பெரிய எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். முக்கியமானதை இரண்டு வரியில் எழுதியும் அனுப்பிவிடுங்கள்.

நான்கு முறை இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஐந்தாவது முறை மேலதிகாரியே உங்களைக் கூப்பிட்டு, "மற்றவர்களுக்கும் நீயே விளக்கிச் சொல்" என்பார். தைரியம் அப்படித்தான் வரும்.