செல்ஃப், சுயம், தான்: சில குறிப்புகள்

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இந்த ஊரில் கிடைத்திருக்கிற வேலைகளில் ஒன்று, ரமணாசிரமம் பகுதியில் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது. கூலி மோசமில்லை. இப்போது படிக்கிறவர் கையில் இரண்டு புத்தகங்களோடு வந்தார். ஒன்று 'நான் யார்?' தமிழில், இன்னொன்று அதன் ஆங்கிலம். ஆங்கிலப் பிரதியில் 'செல்ஃப்' என்கிற சொல் பெரிய எழுத்தில் தொடங்கும் இடமெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார். தமிழ்ப் பிரதியில் அதற்கு நேராக ஓரிடத்தில் ஆன்மா இருக்கிறது, ஓரிடத்தில் ஆன்மசொரூபம், இன்னோரிடத்தில் வெறும் சொரூபம், சில இடங்களில் தன்னை, தான். "ஒரே சொல்லை ஏன் இத்தனை விதமாக எழுதினார்?" என்று கேட்டார்.

கேள்வி தலைகீழாக இருக்கிறது என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. பல சொற்களை ஒன்றாக்கியது ஆங்கிலம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாது. 'தான்' என்பதைக் கடவுளாக்க வேண்டுமென்றாலும் அதே எழுத்துதான், கடைக்காரர் "ஒரு டீதானே?" என்று கேட்பதற்கும் அதே எழுத்துதான்.

செங்கம் சாலைத் தேநீர்க்கடையில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து ஆட்டோக்காரர், "சார், செல்ஃப் எடுக்க மாட்டேங்குது, ஒரு கை குடுங்க" என்றார். மாணவர் முகத்தில் வந்த பரவசத்தைப் பார்க்க வேண்டும்! ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் சொல்கிறார் என்று நான் விளக்கிய பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இரண்டு பேருமாகத் தள்ளினோம்.

ஆங்கிலம் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் இந்தச் சொல்லை எவ்வளவு துல்லியமாகப் புழங்குகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. உதைக்காமல் கிளம்புவது செல்ஃப். வங்கியில் காசோலையில் 'செல்ஃப் போட்டு' எடுப்பது இன்னொன்று. தட்டை நாமே தூக்கிக்கொண்டு போனால் செல்ஃப் சர்வீஸ். பிறகு, செல்ஃப் அட்டெஸ்டட். முன்பெல்லாம் மதிப்பெண் சான்றிதழின் நகல் உண்மையான நகல்தான் என்று கெஜட்டட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். நான் நான்தான் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பல விண்ணப்பங்களில் இப்போது நாமே கையெழுத்திட்டால் போதும். சாதிச் சான்றிதழுக்கு மட்டும் இன்றும் வருவாய்த்துறைதான். 'நான் யார்?' பிரதிக்கும் வருவாய்த்துறைக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது தற்செயலாக இருக்கலாம். 1902 வாக்கில் விரூபாட்ச குகையில் மௌனமாக இருந்த ரமணரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டு, எழுதிக் காட்டிய பதில்களை வாங்கிவந்த சிவப்பிரகாசம் பிள்ளை, தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த்துறை ஊழியர். இன்னார் மகன், இன்ன சாதி, இன்ன பட்டா என்று ஆட்களை எழுதி வைக்கிற துறையிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. பிரதி அச்சேறியது 1923இல்.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் முதலில் இப்படி இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'செல்ஃப்' என்றால் 'அதே' என்று பொருள். பெயரோடும் பிரதிப்பெயரோடும் ஒட்டிக்கொண்டு அழுத்தம் கொடுக்கிற சொல், நமது 'நான்தான்', 'அவளேதான்' போல. அதைத் தத்துவத்தின் மையத்தில் தனிப் பெயர்ச்சொல்லாக உட்காரவைத்ததில் ஜான் லாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1694இல் வந்த தனது நூலின் இரண்டாம் பதிப்பில் அடையாளம் பற்றி அவர் சேர்த்த அத்தியாயத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு மனிதனுக்கும் தன் உடல்மீது சொத்துரிமை உண்டு என்று எழுதியவரும் அவரே. ஒட்டுச்சொல் உடைமையாக மாறிய கதை இது. எதிர்த்திசையில் நடந்த இன்னொரு கதையும் உண்டு. ஃப்ராய்ட் ஜெர்மனில் சாதாரணமாக 'நான்' என்றுதான் எழுதினார். ஆங்கில மொழிபெயர்ப்பில் அது லத்தீன் 'ஈகோ' ஆனது. குழந்தைகூடச் சொல்கிற சொல் மருத்துவர் சொல்கிற சொல்லானது.

தமிழ்த் 'தான்' இன்னும் உடைமையாகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தொல்காப்பியம் இதை விரவுப்பெயர்களில் வைக்கிறது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொது. அவன் தன்னைப் பார்த்தான், அவள் தன்னைப் பார்த்தாள், நாய் தன் வாலைக் கடித்தது. பாலும் இல்லை, திணையும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 'தன்' என்று சொல்வதற்கு முன் அந்த வாக்கியத்தில் யாராவது இருந்தாக வேண்டும். "முருகன் அவன் வீட்டுக்குப் போனான்" என்றால் எவன் வீடோ. "தன் வீட்டுக்கு" என்றால் முருகன் வீடு. 'தான்' திரும்பிப் பார்க்கிற சொல், தனியே நிற்காது. அதன் பன்மையை எடுத்து எதிரே இருப்பவருக்கே கொடுத்து, "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று எழுதுகிறோம். தனக்குரிய சொல்லை இன்னொருவருக்கு மரியாதையாகக் கொடுப்பதை என் மாணவரால் நம்பவே முடியவில்லை.

இன்னொரு விசித்திரம், இலக்கணத்தில் 'நான்' என்கிற இடத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர். தன்மை. அதே சொல்தான் இயல்பு, குணம் என்பதற்கும். 1928இல் ரமணர் எழுதிய 'உள்ளது நாற்பது' நூலின் ஒரு வெண்பா முழுக்க இந்தச் சிலேடையின்மேல் நிற்கிறது. தன்மை உண்டென்றால் முன்னிலையும் படர்க்கையும் உண்டு, தன்மையின் உண்மையைத் துருவினால் மற்ற இரண்டும் ஓய்ந்துபோகும், எஞ்சுவது தன்னிலைமை என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் இதைப் படிக்கிறவருக்கு முதலில் இலக்கண வகுப்பும் கடைசியில் பெரிய எழுத்துச் செல்ஃபும் கிடைக்கும். நடுவில் நடந்தது ஒரே சொல்லின் புரளல் என்பது கிடைக்காது. ரமணரோடு 1935 முதல் 1939 வரை நடந்த உரையாடல்களை முனகால வெங்கடராமையா ஆங்கிலத்திலேயே குறித்து வைத்தார். தமிழ் அதிலிருந்து பெயர்க்கப்பட்டது. தமிழில் சொன்னது ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வருகிறபோது, போன சொல்லேதான் திரும்பி வருகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இங்கே சிறுபத்திரிகைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 90களில் நாம் அல்தூஸரையும் ஃபூக்கோவையும் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, அதிகாரம் உற்பத்தி செய்கிற 'நான்' என்பதற்கு எடுத்துக்கொண்ட சொல் தன்னிலை. யாராலும் உற்பத்தி செய்யப்படாதது என்று ரமணர் சொன்னதற்கும், எல்லாமே உற்பத்தி செய்யப்பட்டது என்று நாம் சொன்னதற்கும் ஏறக்குறைய ஒரே சொல். இதை யாரும் பெரிதாக விவாதித்ததாக எனக்கு நினைவில்லை. நாமும் பெரிய எழுத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தோமோ என்னவோ.

ஒருபொருட் பன்மொழி என்று அகராதி தருவதை நம்புவதில் இருக்கிற ஆபத்து அரசியலுக்கு வரும்போதுதான் உறைக்கும். சுயாட்சியைத் தன்னாட்சி ஆக்கலாம், சுயசரிதையைத் தன்வரலாறு ஆக்கலாம், பெரிய நஷ்டமில்லை. சுயம்புவைத் தான்தோன்றி ஆக்கும்போதே பிசகுகிறது. தானாய்த் தோன்றிய லிங்கம் என்றால் கும்பிடுவோம், தானாய் முடிவெடுக்கிற பெண் என்றால் 'தான்தோன்றித்தனம்' என்போம். சுயமரியாதையைத் தன்மானம் ஆக்குவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. தனித்தமிழ் ஆர்வம் புரிகிறது. ஆனால் மரியாதை என்பது நம் ஊர்களில் மனசுக்குள் இருக்கிற உணர்ச்சி அல்ல. அது கோயிலில் கொடுக்கப்படுவது. பரிவட்டம், மாலை, திருநீறு; முதல் மரியாதை யாருக்கு, இரண்டாவது யாருக்கு, யாருக்குக் கிடையவே கிடையாது என்கிற வரிசை. அடிதடி நடப்பதும் அதற்காகத்தான். மேலேயிருந்து, பிறர் கையிலிருந்து மட்டுமே வரக்கூடிய ஒன்றின் முன்னால் 'சுய' என்று ஒட்டியதில்தான் 1925இல் தொடங்கிய இயக்கத்தின் மொத்தக் குறும்பும் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'செல்ஃப் ரெஸ்பெக்ட்' ஒரு தனிமனித நற்பண்பு. சுயமரியாதை, வரிசையைக் கலைக்கிற வேலை.

அது தனியாள் சமாச்சாரமும் அல்ல. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 1967ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் புரோகிதரை விலக்கியது. ஆனால் உறவினர், நண்பர், அல்லது வேறு யாராவது முன்னிலையில் இருக்க வேண்டும் என்றது. இருவரும் புரிந்துகொள்கிற எந்த மொழியிலும் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிக்கலாம் என்றது. தன்மைக்கு ஒரு முன்னிலை வேண்டியிருக்கிறது.

மானத்தின் கதை வேறு. 'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தத் 'தன்' எங்கே முடிகிறது? பங்காளியோடா, சாதியோடா? குடும்பமானம் பெண் உடம்பில் வைத்துக் காக்கப்படுகிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றது இந்தத் தசை ஆடியதால்தான். இப்படிப்பட்ட கொலைகளை முன்பு பத்திரிகைகள் ஆங்கிலத்தைப் பார்த்து 'கௌரவக் கொலை' என்றே எழுதின. கொலைக்குக் கௌரவம் என்ன வேண்டியிருக்கிறது என்று கேட்டவர்கள் அதை 'ஆணவக் கொலை' ஆக்கினார்கள். ஆணவம் சைவ சித்தாந்தத்தின் மூலமலம், உயிரை மறைத்துக்கொண்டிருக்கிற இருள். அதன் ஆங்கிலத்தையும் 'ஈகோ' என்றே போட்டு முடித்துவிடுகிறார்கள். மடங்களில் கிடந்த சொல்லை எடுத்துச் சாதியின் நெற்றியில் ஒட்டியது, என்னளவில், சமீப காலத்தில் தமிழில் நடந்த மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு.

கடைசியாக ஒரு செல்ஃப் மிச்சமிருக்கிறது. கிரிவலப் பாதையில் பூ விற்கும் அம்மா ஒருவர் எங்கள் தேநீர்க்கடைக்கு வருவார். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் ஆரம்பித்த திட்டம், 1992இல் நபார்டு வங்கி இணைப்பு வந்தபின் நாடு முழுக்கப் பரவியது. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் வரை சேர்ந்தால் ஒரு 'சுயம்'. ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்றவர்கள் போய் அவள் வாசலில் நிற்க வேண்டும். வங்கிக்கு வசூல் செலவு மிச்சம். அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யாததற்கும் சுய உதவி என்றே பெயர். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் தன் பெயரைத் தானே எழுதக் கற்றுக்கொண்டதாக அந்த அம்மா சொன்னார். இரண்டும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன.

அவர் 'சுய' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "குழுவுக்குக் கட்டணும்" என்பார். போன வாரம் என் மாணவருக்கு அவர் சொன்ன வாக்கியம் ஒன்றையே பயிற்சியாகக் கொடுத்தேன்: "எம் பேருலதான் லோனு, எனக்குன்னு ஒத்த ரூபா எடுத்ததில்ல, நாங்கதான் கட்டுறோம்." 'என்', 'எனக்கு', 'நாங்க', இரண்டு 'தான்'. அரை மணி நேரம் முயன்று பார்த்துவிட்டு, இதில் செல்ஃபை எங்கே போடுவது என்று கேட்டார். சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்று இந்த முறை கேட்கவில்லை. அந்த அம்மாவையே கேளுங்கள் என்றேன். பௌர்ணமிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பூ கட்ட வேண்டும் என்று அவர் எழுந்து போய்விட்டார்.