சிறு படகும் பெருங்கடலும்

கடலைக் கரையிலிருந்து பார்ப்பவர்க்கு அது ஒரு காட்சி. அதில் இறங்கித் தொழில் செய்வோர்க்கு அது ஒரு களம். காட்சியாகவே கண்டு பழகியவர் ஒருநாள் களத்தில் இறங்க விரும்பினால் எவற்றை அறிந்திருக்க வேண்டும்? இக்கேள்வி கற்பனையன்று. கொச்சிக்குப் படிக்க வந்துள்ள நம் சங்கத்து நண்பர் மூவர், பழைய பைபர் படகு ஒன்றைக் கூட்டாக வாங்கி, விடுமுறை நாள்களில் தூண்டில் போடச் செல்வதென்று திட்டமிட்டுள்ளனர். கடலியல் பயில்பவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டனர். அவர்களுக்குச் சொன்னவற்றை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். கடற்கரை ஊர்களிலிருந்து வந்துள்ள அன்பர்களுக்கு இவற்றுட் பல பழஞ்செய்திகளாகவே இருக்கும். அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலில் ஆபத்து வந்தபின் நாம் செய்யக் கூடியது சிறிது. அது வருமுன் கரையில் செய்யக் கூடியது மிகுதி. இக்கட்டுரையில் நான் சொல்லப்போவது அனைத்தும் இந்த ஒன்றின் விரிவே.

படகு

பழைய படகின் வண்ணப்பூச்சைக் கண்டு மயங்குதல் கூடாது. படகின் உடல் முழுவதையும் விரற்கணுவால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று வரும் ஒலி ஓரிடத்தில் மந்தமானால், அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம்; உள்ளே நீர் ஊறியும் இருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் பின்பலகையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். எஞ்சினின் அடிப்பகுதியைப் பற்றி அசைக்கும்போது பலகையும் சேர்ந்து அசையுமானால், அப்படகை விட்டுவிடுவதே நலம்.

படகு ஏன் கவிழ்கிறது? எடையின் மையம் தாழ்ந்திருக்கும் வரையில், சாய்ந்த படகு தானே நிமிர்ந்துகொள்ளும். மூன்று பேர் ஒரே வேளையில் எழுந்து நின்றால் அம்மையம் மேலேறிவிடும். மீன் மாட்டிய மகிழ்ச்சியில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் சொல்லவே வேண்டியதில்லை. படகுக்குள் தேங்கும் நீர் இதனினும் கொடியது. படகு எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே நீரும் ஓடிச் சாய்வைப் பெருக்கும். ஆகவே நீர் இறைக்கும் வாளி ஒன்று கைக்கெட்டும் இடத்தில், கயிற்றால் கட்டப்பட்டு, எப்போதும் இருத்தல் வேண்டும்.

கடலில் மீன் பிடிக்கச் செல்லும் படகுக்குப் பதிவும் உரிமமும் வேண்டும். கேரளத்தில் 1980ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டிலும் இதற்கெனக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகி இவற்றை முடித்த பின்னரே படகை நீரில் இறக்க வேண்டும்.

உடன் செல்ல வேண்டியவை

கையிலுள்ள பணம் முழுவதையும் படகுக்கும் எஞ்சினுக்கும் கொடுத்துவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பாருண்டு. அந்தப் ‘பிறகு’ வராமலே போகலாம். ஆளுக்கொரு உயிர்காப்பு மேலங்கி முதலில் வேண்டும். அது இருக்கையின் அடியில் கிடந்து பயனில்லை. கரையிலேயே அணிந்துகொள்ள வேண்டும். நீரில் விழுந்தபின் அதை அணிவது நன்கு நீந்தத் தெரிந்தவர்க்கும் கடினம்.

எஞ்சினை நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் தம் உடலோடு மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் எஞ்சின் உடனே நின்றுவிடும். இல்லையேல் ஆளில்லாப் படகு சுழன்று வந்து, விழுந்தவரையே தாக்கக் கூடும். எரிபொருளுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: மூன்றிலொரு பங்கு போவதற்கு, மூன்றிலொரு பங்கு வருவதற்கு, மீதி மூன்றிலொரு பங்கு எதிர்பாராததற்கு.

நங்கூரக் கயிறு, நீரின் ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் இருக்க வேண்டும். நங்கூரம் தரையைப் பற்றுவது தன் எடையால் மட்டுமன்று; கயிறு தரையோடு சாய்வாக இழுக்கும்போதுதான் அதன் கொழு மண்ணில் பதிகிறது. கயிறு குறுகினால் இழுவை மேல்நோக்கி அமைந்து, நங்கூரம் பெயர்ந்துவிடும். அதை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில்தான் கட்ட வேண்டும். எஞ்சினின் எடையால் தாழ்ந்திருக்கும் பின்முனையில் கட்டினால், அலை நேரே உள்ளே புகுந்துவிடும்.

துடுப்பு இரண்டு, திசைகாட்டி, கைவிளக்கு, ஊதல், கத்தி, ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர், நீர் புகா உறையிலிட்ட கைப்பேசி ஆகியவையும் உடன் செல்ல வேண்டும்.

வானும் அலையும்

வானம் தெளிவாக இருக்கிறது, காற்றும் இல்லை. ஆகவே கடல் அமைதியாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தென்னிந்தியப் பெருங்கடலின் கோடியில் எழும் புயல்கள் நீண்ட அலைகளைப் பிறப்பிக்கின்றன. பதினைந்து விநாடிக்கு ஒருமுறை வரும் அலைத்தொகுதி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கடக்கும். பிறந்த இடத்தில் புயல் ஓய்ந்து, ஆறேழு நாள் கழித்து, காற்றே இல்லாத நம் கரையில் அது வந்து எழும்பும். மலையாள மீனவர் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். கள்வனைப் போல் சொல்லாமல் வருவதால் அப்பெயர். அறிவியலாரும் இப்பெயரையே ஏற்றுக்கொண்டுள்ளனர். 2024 மே 6 அன்று குமரி மாவட்டக் கடற்கரையில் பயிற்சி மருத்துவர் ஐவரை அலை கொண்டுசென்றது இத்தகைய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாளில்தான்.

ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலையின் உயரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றை முன்கூட்டியே கணித்து இலவசமாக வெளியிடுகிறது. வானிலைத் துறையும் மீனவர்க்கான எச்சரிக்கையை நாள்தோறும் தருகிறது. இவ்விரண்டையும் பாராமல் படகு எடுத்தல் கூடாது. வேண்டாமென்று அவை சொன்னால், திட்டத்தை அன்றே கைவிட வேண்டும். நாள் குறித்துவிட்டோமே என்ற தயக்கத்தால் கடலுக்குச் சென்று உயிரிழந்தவர் பலர்.

சிறு படகுக்கு ஆழ்கடலைவிட முகத்துவாரமே ஆபத்தான இடம். அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்தில் அலை உடைகிறது. மணல் மேடிட்ட முகத்துவாரத்தில் நீர் வற்றும் வேளையில், வெளியேறும் நீரோட்டம் உள்வரும் அலையை எதிர்க்க, அலை குறுகிச் செங்குத்தாக நிற்கும். திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழியில் அனுபவமிக்க மீனவர்களின் படகுகளே பலமுறை கவிழ்ந்திருக்கின்றன. கொச்சி வாயிலில் வேறொரு தொல்லை: அது கப்பல் செல்லும் வழி. பெருங்கப்பல் நினைத்தவுடன் நிற்காது; சிறு படகுதான் விலகிப் போக வேண்டும்.

கரையோடு தொடர்பு

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கு அருகே விரைந்து வலுத்தது. தூத்தூர் வட்டாரத்து மீனவர் பலர் அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கடலை அவர்களைப் போல் அறிந்தவர் அரியர். ஆயினும் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தமையால் உயிர்கள் பல போயின. நம் தோப்பும்படித் துறைமுகத்தில் அவ்வூரார் இன்றும் தொழில் செய்கின்றனர். அவர்களோடு பேசிப் பார்த்தால் செய்தியின் விலை இன்னதென்று விளங்கும்.

ஆகவே புதிதாகத் தொடங்குவோர் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவை, கைப்பேசி எட்டும் எல்லையைத் தாண்டக் கூடாது. எத்தனை பேர், எந்தப் பக்கம், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். குறித்த நேரம் கடந்தால் அவர் காத்திராமல் கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணை அழைக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் அதைப் பற்றிக்கொண்டே இருங்கள். தேடி வருவோர் கண்ணுக்கு மனிதத் தலையைவிடப் படகே எளிதில் தெரியும். கரை அருகில் இருப்பதுபோல் தோன்றுவது பெரும்பாலும் கண்ணின் மயக்கமே.

மீன்

திருக்கையின் வால்முள்ளும் கெளிற்றின் முள்ளும் நஞ்சுடையவை. குத்திய இடத்தைத் தோல் பொறுக்குமளவு சூடான நீரில் வைத்திருந்தால் வலி தணியும். பின்னர் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பேத்தை மீனின் நஞ்சு சமைத்தாலும் போகாது. அதைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுக. பத்துச் செண்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிப்பதற்குக் கேரளத்தில் தடை உண்டு.

இறுதியாக ஒன்று. நமக்குக் கடல் விடுமுறைப் பொழுது. அங்குள்ளோர்க்கு அதுவே சோறு. மிதவையைக் கண்டால் அதன்கீழ் ஒருவருடைய வலை இருக்கிறதென்று அறிந்து விலகிச் செல்க. நமது எஞ்சினின் விசிறி அறுக்கும் வலை ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பாக இருக்கலாம். சொந்தப் படகு வாங்குமுன் பத்து முறையேனும் அனுபவமுள்ள ஒரு மீனவரோடு, அவர் சொற்கேட்கும் கையாளாகச் சென்று வருக. காற்று திரும்புவதையும் நீரின் நிறம் மாறுவதையும் அவர் எப்படிக் கண்டுகொள்கிறார் என்பதை எந்த ஆய்வுக்கூடத்திலும் நாம் கற்க முடியாது.