அமைதி வந்தாச்சு... நீதி? அச்சேயில் நடந்தது என்ன?

கிளர்ச்சிக் குழுவோடு அரசாங்கம் சமாதானம் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். சண்டை நிற்கணும் என்பதற்காகக் குற்றம் செய்தவர்களை விட்டுவிடலாமா?

அதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கு. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் வட முனையில் உள்ள அச்சே.

என்ன பிரச்சினை?

1976இல் சுதந்திர அச்சே இயக்கம் தனிநாடு கேட்டுப் போராடத் தொடங்கியது. 29 ஆண்டுகளில் சுமார் 15,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியது. எட்டு மாதத்துக்குள், 2005 ஆகஸ்ட் 15ஆம் தேதி, ஹெல்சிங்கியில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

எதெல்லாம் நடந்தது?

- இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைத்தது
- வெளியிலிருந்து வந்த ராணுவம் அச்சேயைவிட்டுக் கிளம்பியது
- இயக்கத்தினருக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது

சுனாமியின்போது சிறையிலிருந்து தப்பிய இயக்க உறுப்பினர் இர்வாண்டி யூசோஃப், 2006 தேர்தலில் ஆளுநராகவே வென்றார்!

எது நடக்கலை?

மனித உரிமை நீதிமன்றம், உண்மை நல்லிணக்க ஆணையம் ஆகிய இரண்டும் ஒப்பந்தத்தில் இருந்தன.

ஆனால் 2006இல் வந்த சட்டப்படி, அந்த நீதிமன்றம் சட்டத்துக்குப் பிறகு நடக்கும் குற்றங்களை மட்டுமே விசாரிக்கலாம். அதாவது, போர்க்காலக் குற்றங்கள் அதில் வரவே வராது. 20 ஆண்டுகள் ஆகியும் அந்த நீதிமன்றம் அமைக்கப்படவில்லை.

ஆணைய உறுப்பினர்கள் 2016இல்தான் பதவியேற்றனர். ஆணையம் சாட்சியங்களைப் பதிவுசெய்யலாம். தண்டனை கொடுக்க முடியாது.

2023இல் அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோ, அச்சேயின் 3 சம்பவங்களைக் கடுமையான மனித உரிமை மீறல்கள் என்று ஒப்புக்கொண்டார். ராணுவத்தின் சித்திரவதைக் கூடமாக இருந்த ருமோ கெடோங்கில், பாதிக்கப்பட்டோருக்கான உதவித் திட்டத்தைத் தொடங்கினார். அதற்குமுன் அங்கு எஞ்சியிருந்த கட்டடப் பகுதிகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. சான்றுகள் அழிவதாக உரிமைக் குழுக்கள் குறைகூறின.

அப்போ ஒப்பந்தமே தப்பா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. முதலில் விசாரணை என்றிருந்தால் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்குமா என்பது சந்தேகம். துப்பாக்கிச் சத்தம் நின்றதால் பலர் உயிர் பிழைத்தனர்.

ஆனால் ஒன்றைக் கவனிங்க. ஆயுத ஒப்படைப்புக்கும் பொதுமன்னிப்புக்கும் ஒப்பந்தத்தில் காலக்கெடு இருந்தது. நீதிமன்றத்துக்கும் ஆணையத்துக்கும் இல்லை. கெடு இருந்தவை நடந்தன. இல்லாதவற்றுக்காகக் குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

அடுத்த முறை எங்காவது அமைதி ஒப்பந்தம் என்று செய்தி வந்தால், ஆயுதங்களை எப்போது ஒப்படைப்பார்கள் என்பதோடு நின்றுவிடாதீங்க. விசாரணை எப்போது என்பதற்கும் தேதி இருக்கா, பாருங்க.