குழாயே இல்லாத வீட்டில் எதைச் சுத்தம் செய்வது?

ஜொகூர் பாரு சுற்றுவட்டாரத் தாமான்களில் ஏர்கோன் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிப்பது இன்று சிரமம். கூடத்தில் இல்லாவிட்டாலும் பெரிய அறையில் ஒன்றாவது இருக்கும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா என்று தெரிந்துவிட்டால் பெற்றோரின் பார்வை முதலில் போவது அந்தப் பெட்டியின் மீதுதான். அந்த நேரம் பார்த்து, காற்றுக்குழாயைத் துப்புரவு செய்தால் மூச்சுத்திணறல் தீரும் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் போதும், பணம் கைமாறத் தாமதமாகாது.

பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் வீட்டில் காற்றுக்குழாய் இருக்கிறதா?

பெரும்பாலான தாமான் வீடுகளில் இல்லை. காற்றுக்குழாய் என்பது கூரைக்கும் சீலிங்கிற்கும் இடையே ஓடும் அகலமான தகரக் குழாய். ஓரிடத்தில் குளிர வைத்த காற்றை அது அறை அறையாகக் கொண்டு செல்லும். அமெரிக்க வீடுகளில் இது சாதாரணம். இங்கோ பேரங்காடி, மருத்துவமனை, அலுவலகக் கட்டடம், சில பங்களாக்கள், சீலிங்கில் ஏர்கோனை மறைத்து வைத்த சில அடுக்குமாடி வீடுகள் ஆகியவற்றோடு சரி. சுவரில் மாட்டிய ஏர்கோனிலிருந்து வெளியே இருக்கும் பெட்டிக்குப் போகும் செம்புக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு. நாம் சுவாசிக்கும் காற்று அல்ல. அதைத் துப்புரவு செய்கிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

குழாய் உள்ள வீடுகளுக்கும் அவசரம் வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1997ஆம் ஆண்டில் இதற்கென ஒரு கையேடு வெளியிட்டது. குழாய்த் துப்புரவு நோயைத் தடுப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்று அது ஒளிவுமறைவின்றிச் சொன்னது. குழாய்க்குள் பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிறது, எலியோ பூச்சியோ குடியிருக்கிறது, தூசு அடைத்துக்கொண்டு அறைக்குள் கொட்டுகிறது என்றால் மட்டும் செய்யலாம் என்பது அதன் ஆலோசனை. ஆகவே பூஞ்சை இருப்பதாகச் சொல்பவரிடம், ‘எங்கே, காட்டுங்கள்’ என்று கேட்பதில் தவறில்லை.

சரி, சுவர் ஏர்கோனில் சுத்தம் செய்ய ஒன்றுமே இல்லையா? நிறையவே இருக்கிறது. உள்ளே இருக்கும் உருளை விசிறி அறைக் காற்றை இழுத்து, வலை போன்ற வடிகட்டி வழியாகக் குளிர்ந்த சுருளின் மேல் செலுத்துகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் சுருளில் நீர்த்துளியாகி, கீழே உள்ள தட்டில் வடிந்து, குழாய் வழியாக வெளியேறும். வடிகட்டியைத் தாண்டிய தூசு இந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்போது பூஞ்சைக்கு நல்ல விளைநிலம் கிடைத்துவிடுகிறது. ஏர்கோனைத் திறந்தவுடன் வரும் புளித்த வாடை அங்கிருந்துதான் கிளம்புகிறது. விசிறியின் இடுக்குகளில் கறுப்பாகப் படிந்திருப்பதும் அதே அழுக்குதான்.

வடிகட்டியைக் கழற்றிக் கழுவ ஆள் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும். சுருள், விசிறி, தட்டு ஆகியவற்றுக்குத்தான் தொழில் தெரிந்தவர் வேண்டும். கெமிக்கல் வாஷ் செய்தால் மருந்து முழுவதும் போகும்வரை தண்ணீர் அடிக்கச் சொல்ல வேண்டும்; முடிந்ததும் கொஞ்ச நேரம் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

ஆனால் பளபளவென்று கழுவிய ஏர்கோனும் ஒன்றைச் செய்யாது. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. பலருக்கும் தெரியாத சங்கதி இது. தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் 2010ஆம் ஆண்டு நெறிமுறை, ஏர்கோன் உள்ள வேலையிடங்களில் கரியமில வாயு பத்து லட்சம் பங்கில் 1000ஐத் தாண்டக்கூடாது என்கிறது. சன்னலும் கதவும் அடைத்த அறையில் இரண்டு மூன்று பேர் இரவு முழுதும் உறங்கினால் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். வீடுகளுக்கு அந்த நெறிமுறை கிடையாது. அளந்து பார்ப்பாரும் இல்லை.

1984ஆம் ஆண்டின் சீரான கட்டட உபவிதிகள் இதற்கு வழி செய்தே இருக்கின்றன. குடியிருக்கும் அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் சன்னல் இருக்க வேண்டும். 5 விழுக்காடாவது காற்று தடையின்றி நுழையும் திறப்பாக இருக்க வேண்டும். 10க்கு 12 அடி அறை என்றால் 12 சதுர அடி சன்னல், 6 சதுர அடி திறப்பு. வீடு கட்டும்போது இது இருக்கும். பிறகு நாம்தான் பின்கட்டுக்குக் கூரை போட்டு அடுப்படியை நீட்டுகிறோம். ஏர்கோன் குளிர் போகிறதென்று காற்றோட்டத் துளைகளைப் பலகை வைத்து அடைக்கிறோம். தோட்டத்து லயங்களில் விறகுப் புகை இருந்தது உண்மை. ஆனால் அந்தப் புகை வெளியேறச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே வழியும் இருந்தது.

இப்படி அடைத்த அறைக்குள் கொசுவர்த்தியையும் கொளுத்துகிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட கொசுவர்த்திகளை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, ஒரே ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களை வெளியிடுவதாகக் கண்டது. ஆஸ்துமா பிள்ளை படுக்கும் அறையில் முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். சன்னலுக்குக் கொசுவலை அடிக்கும் செலவு, துப்புரவு விளம்பரத்துக்குக் கொடுப்பதைவிட மேலான செலவு. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் புகைதான் என்பதைச் சொன்னால் பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள். சன்னலைத் திறந்து வைத்துப் போட்டால் பூசைக்கும் குறையில்லை.

சன்னலைத் திறக்கவே கூடாத நாட்களும் ஜொகூருக்கு வந்ததுண்டு. 2013 ஜூன் 23 அன்று காலை மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐக் கடந்தாலே அபாயம் என்பது கணக்கு. மூவாரிலும், இன்று தங்காக் எனப்படும் லேடாங்கிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாட்களில் ஏர்கோன் காப்பாற்றும் என்று நினைக்கக்கூடாது. புகைமூட்டத்தின் நுண்துகள் தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. ஏர்கோனின் வலை அதைப் பிடிக்காது. எச்.இ.பி.ஏ. வடிகட்டி உள்ள காற்றுத் தூய்மிப்பான் பிடிக்கும். வீடு முழுவதற்கும் வாங்க வசதி இல்லையென்றால், பிள்ளை உறங்கும் ஓர் அறைக்கு மட்டும் ஒன்று வைத்து அந்த அறையை அடைக்கலாம்.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங், சுங்கை கிம் கிம்மில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது நிலைமை வேறு. 111 பள்ளிகள் மூடப்பட்ட அந்தச் சம்பவத்தில் பரவியது துகள் அல்ல, நச்சு வாயு. எச்.இ.பி.ஏ. வடிகட்டி வாயுவைப் பிடிக்காது. அதற்குக் கரி வடிகட்டி வேண்டும், அதுவும் ஓரளவுக்குத்தான். அப்படிப்பட்ட நேரத்தில் அதிகாரிகள் இடம் மாறச் சொன்னால், ஏர்கோனைத் திறந்து வைத்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று காத்திராமல் உடனே புறப்பட்டுவிட வேண்டும்.